ஆறு வோல்ட் மீது விழும் பழி

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு தீர்ப்பு வெகுகாலமாக நிலைத்திருக்கிறது. செல்ஃப் அடித்ததும் என்ஜின் இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றுபோனால், ‘6 வோல்ட் வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆலோசனையும் கையோடு வரும்: 8 வோல்ட் பேட்டரி போடு, இல்லாவிட்டால் வண்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்று. இந்தத் தீர்ப்பு பெரும்பாலான வண்டிகளில் தவறானது என்பதே என் வாதம். கோளாறு பேட்டரியின் வோல்ட்டில் இருப்பது அரிது. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இடையே உள்ள பாதையில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்துபோன சில மில்லி ஓம் மின்தடையில்தான் அது பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆனால் அதை எங்கே, எப்போது வைத்துப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. 1927 இறுதியில் வெளிவந்து 1931 வரை தயாரான ஃபோர்டு மாடல் ஏ ஏறத்தாழ 48 லட்சம் வண்டிகள் விற்றது. அத்தனையும் 6 வோல்ட். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் கட்டிய 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வட ஆப்பிரிக்காவின் மணலிலும் ரஷ்யப் பனியிலும் 6 வோல்ட்டில்தான் கிளம்பின. வோல்க்ஸ்வேகன் பீட்டில், அமெரிக்காவுக்குப் போன 1966 மாடல் வரை 6 வோல்ட். இவற்றை ஓட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கவில்லை. பனி உறைந்த காலைகளில் இவற்றை நம்பித்தான் வேலைக்குப் போனார்கள். அன்று கிளம்பிய வண்டி இன்று கிளம்பவில்லையென்றால், இடையில் மாறியது எது என்று கேட்பதுதான் முறை. வோல்ட் மாறவில்லை. கேபிள் மாறியிருக்கிறது, பெயின்ட் மாறியிருக்கிறது, ஸ்விட்சின் செம்பு முனைகள் தீய்ந்திருக்கின்றன, எர்த் பட்டை இழை இழையாக அறுந்திருக்கிறது.

காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைச் சாத்தியமாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய அனுபவம் அவருக்கு உண்டு. கல்லா திறக்க மோட்டார் ஒரு நொடி ஓடினால் போதும். அந்த ஒரு நொடிக்கு அதன் வழக்கமான வரம்பைப் பல மடங்கு மீறி மின்னோட்டம் செலுத்தினாலும் அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே கணக்கைத்தான் அவர் காருக்கும் கொண்டுவந்தார். 1912 காடிலாக்கில் வந்த அந்த அமைப்பு, என்ஜினைச் சுற்றும்போது மட்டும் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டையும், சார்ஜுக்கு 6 வோல்ட்டையும் பயன்படுத்தியது. இந்தச் சிக்கலான ஏற்பாடு நிலைக்கவில்லை. மூன்று செல் கொண்ட 6 வோல்ட் பேட்டரி மலிவு, எடை குறைவு. விளக்கின் இழையும் தடிமனாக இருப்பதால் மேடுபள்ளத்தில் குலுங்கினாலும் எளிதில் அறுபடாது. அன்றைய என்ஜின்களைச் சுற்ற அது தாராளமாகப் போதும். மாடல் ஏ என்ஜினின் அமுக்க விகிதம் 4.22க்கு 1தான். பின்னர் அமுக்கம் ஏறியபோது நிலைமை மாறியது. 1955 செவ்ரோலே வி8 என்ஜின் 8க்கு 1 என்ற விகிதத்தோடு வந்தது. அந்த ஆண்டே செவ்ரோலே 12 வோல்ட்டுக்கு மாறியது, அடுத்த ஆண்டு ஃபோர்டும் மாறியது. ஆகவே 12 வோல்ட் வந்ததற்குக் காரணம் புதிய என்ஜின்களின் பசி. பழைய என்ஜின்களுக்கு 6 வோல்ட் போதவில்லை என்று யாரும் மாற்றவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு ஸ்டார்ட்டருக்கு 1,200 வாட் வேண்டும் என்று கொள்வோம். 12 வோல்ட் வண்டியில் அதற்கு 100 ஆம்பியர் போதும். 6 வோல்ட் வண்டியில் 200 ஆம்பியர் ஓட வேண்டும். இப்போது இரண்டு வண்டியிலும் பாதையில் எங்கோ 5 மில்லி ஓம் கூடுதல் மின்தடை, அதாவது ஓர் ஓமின் 200இல் ஒரு பங்கு, சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் அது தின்பது அரை வோல்ட். மொத்தத்தில் 4 சதவீதம்தான். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. 6 வோல்ட் வண்டியில் அதே மின்தடை முழுதாக 1 வோல்ட்டைத் தின்றுவிடும். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. மின்னோட்டம் இரண்டு மடங்கு, கையிருப்போ பாதி. அதனால் இழப்பின் விகிதம் நான்கு மடங்கு. தாழ்வான மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அகலமான குழாய் வேண்டும் என்பது வீடு கட்டும் எவருக்கும் தெரியும். குழாயில் பாசி பிடித்தால் தொட்டியைக் குறை சொல்வதில் பொருளில்லை. 6 வோல்ட் வண்டியை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே தடிமனான கேபிள் போட்டார்கள். இன்று கடையில் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிள்தான். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 2 மீட்டர் நீளத்துக்கு 200 ஆம்பியரில் 0.43 வோல்ட்டை விழுங்கும். 50 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அந்த இழப்பு 0.14 வோல்ட்தான். புதுக் கேபிள் போட்ட பிறகு வண்டி இன்னும் மோசமாகிவிட்டது என்று சிலர் குழம்புவதற்கு இது ஒரு காரணம். வெளியே தெரியும் ரப்பர் உறையின் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறில் ஒரு பங்கு போனால் வேகமும் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றலாம். அப்படியல்ல, இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மோட்டார் சுற்றும்போது அது தானே ஒரு ஜெனரேட்டராகவும் செயல்பட்டு, உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு எதிரழுத்தம். என்ஜினைச் சுற்ற ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசை வேண்டும். அந்த முறுக்குவிசைக்கு ஒரு குறிப்பிட்ட மின்னோட்டம் வேண்டும். அந்த மின்னோட்டம் மோட்டாரின் சொந்தச் சுருள்களைக் கடக்கும்போது தொலைவது போக மீதமுள்ள வோல்ட்தான் வேகமாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, ஸ்டார்ட்டருக்கு 4.9 வோல்ட் வந்து சேர்கிறது, அதன் உள்மின்தடை 8 மில்லி ஓம் என்றால், 200 ஆம்பியரில் உள்ளேயே 1.6 வோல்ட் போய்விடும், மீதம் 3.3 வோல்ட். பாதையில் கூடுதலாக 1 வோல்ட் தொலைந்தால் மீதம் 2.3 வோல்ட். அதாவது நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றிய என்ஜின் இப்போது 70 சுற்றுதான் சுற்றும். பிஸ்டன் அமுக்க உச்சியை நெருங்கும் கணத்தில் நிலைமை இன்னும் கடினம். மோட்டார் ஏறக்குறைய நிற்கும் அந்தக் கணத்தில் எதிரழுத்தம் இல்லை. மொத்த மின்தடைதான் மின்னோட்டத்தின் எல்லையை நிர்ணயிக்கிறது. பேட்டரி, கேபிள், மோட்டார் எல்லாம் சேர்த்து 15 மில்லி ஓம் இருந்த வண்டியில் 420 ஆம்பியர் வரை பாய முடியும். அது 20 மில்லி ஓம் ஆனால் 315தான். ஸ்டார்ட்டர் போன்ற தொடர்ச்சுருள் மோட்டாரில் முறுக்குவிசை மின்னோட்டத்தைவிட வேகமாக விழும் என்பதால், என்ஜின் அந்த உச்சியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ‘கம்ப்ரஷனில் மாட்டுகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

மெதுவாகச் சுற்றுவதோடு துன்பம் முடியவில்லை. அதே மின்தடை தீப்பொறியையும் கெடுக்கிறது. பாயின்ட், கண்டென்சர், காயில் கொண்ட பழைய இக்னிஷன் அமைப்பில் தீப்பொறியின் ஆற்றல், காயிலில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செல்ஃப் அடிக்கும்போது நல்ல பேட்டரியும் 5.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். 6 வோல்ட்டில் கிடைக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் அதுவே முக்கால் பங்குதான். இதற்கு மேல் என்ஜினின் எர்த்தில் 1 வோல்ட் தொலைந்தால் என்ன ஆகும்? பாயின்ட்டின் ஒரு முனை என்ஜின் உடலோடுதான் சேர்கிறது. எனவே காயிலுக்கும் அந்த 1 வோல்ட் கிடைக்காது. மிஞ்சிய 4.2 வோல்ட்டில் தீப்பொறி ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். குளிர்ந்த என்ஜின், சரியாக ஆவியாகாத பெட்ரோல், மந்தமான சுழற்சி, அதோடு மங்கிய தீப்பொறி: எல்லாம் ஒரே எர்த் கோளாறிலிருந்து ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. இதைப் பார்ப்பவர் கார்புரேட்டரைக் கழற்றுவார், பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார். எதிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிவதுபோல் இருக்கும். எதுவும் முழுதாகத் தீராது. பிற்கால 12 வோல்ட் கார்களில் காயிலுக்கு முன்னே ஒரு மின்தடை வைத்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தவிர்த்து முழு மின்சாரத்தையும் காயிலுக்குத் தரும் ஏற்பாடு வந்தது. இந்தப் பலவீனத்தை வடிவமைப்பாளர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மாடல் ஏ போன்ற வண்டிகளில் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. அது ஒரு நல்ல பரிசோதனைக் கருவியும்கூட. கையால் சுற்றும்போது ஸ்டார்ட்டர் ஓடுவதில்லை. பேட்டரியின் முழு 6 வோல்ட்டும் காயிலுக்குக் கிடைக்கிறது. செல்ஃபில் எத்தனை தடவை அடித்தாலும் கிளம்பாத வண்டி கைப்பிடியில் ஓரிரு இழுப்பிலேயே கிளம்பினால், பெட்ரோல், கார்புரேட்டர், டைமிங் மூன்றும் சரியாகவே இருக்கின்றன என்று நம்பலாம். கோளாறு ஸ்டார்ட்டர் பாதையில்தான். கைப்பிடி இல்லாத பீட்டிலைத் தள்ளிவிட்டுக் கிளப்பிப் பார்ப்பது ஓரளவுக்கு இதே தகவலைத் தரும். ஆனால் தள்ளும்போது என்ஜின் வேகமாகவும் சுற்றுகிறது என்பதால் அந்தச் சான்று அவ்வளவு சுத்தமானதல்ல. மாடல் ஏயில் கைப்பிடியைத் தொடும் முன் ஸ்டியரிங்குக்கு இடப்புறமுள்ள ஸ்பார்க் நெம்புகோல் முழுவதும் மேலே, அதாவது தாமத நிலையில், இருக்க வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். என்ஜின் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த நெம்புகோல் கீழே இருக்கும்போது செல்ஃப் அடித்தாலும் என்ஜின் ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைக்கும். பார்ப்பவருக்கு அது பேட்டரி பலவீனம்போலவே தெரியும்.

அளக்கத் தொடங்கும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் மீட்டரை வைத்து ‘6.3 வோல்ட் காட்டுகிறது, எல்லாம் சரி’ என்று முடிவுகட்டுவது. மின்னோட்டம் ஓடாதபோது மின்தடை எதையும் இழக்கச் செய்யாது. கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் மறுமுனையிலும் 6.3 வோல்ட்டையே காட்டும். இரண்டாவது, மீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பிக் கேபிளின் இரு முனைகளையும் தொட்டுப் பார்ப்பது. சாதாரண மல்டிமீட்டரின் சொந்த வயர்களுக்கே பத்தில் ஒன்றிரண்டு ஓம் மின்தடை உண்டு. நாம் தேடுவதோ ஆயிரத்தில் சில பங்கு. ஆகவே பாதையில் மின்னோட்டத்தை ஓடவிட்டு, அப்போது எங்கே வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. 200 ஆம்பியர் ஓடும்போது 1 மில்லி ஓம்கூட 0.2 வோல்ட்டாகப் பெரிதாகித் தெரியும். ஸ்டார்ட்டரே நமக்கு அளவை உருப்பெருக்கித் தருகிறது.

செய்முறை எளிது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி என்ஜின் உலோகத்தோடு சேர்த்துவிட்டால் செல்ஃப் அடித்தாலும் வண்டி கிளம்பாது. ஒருவர் செல்ஃபை ஐந்தாறு நொடி அழுத்த, மற்றவர் மீட்டரைப் பிடிக்கலாம். முதலில் பேட்டரியின் இரு ஈயக் கம்பங்களுக்கு இடையே. கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது. கம்பத்தின் தலையிலேயே மீட்டர் முனையைக் குத்த வேண்டும், ஏனென்றால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பெரும்பாலும் கள்ளன் ஒளிந்திருக்கிறான். அடுத்து, எர்த் அல்லாத கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டரின் போல்ட் வரை. அதன்பின் எர்த் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் உடல் அல்லது என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகம் வரை. பிந்தைய இரண்டும் 0.2 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் நலம். ஸ்டார்ட்டர் ஸ்விட்சின் இரு முனைகளுக்கு இடையே 0.1க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஏதேனும் ஓரிடத்தில் 0.5 அல்லது 0.8 என்று வந்தால், மீட்டர் முனையை அந்தப் பகுதிக்குள்ளேயே ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் அளவு திடீரென்று குதிக்கும் இடம் பிடிபடும். மீட்டர் இல்லாவிட்டாலும் கை உதவும்: அரை வோல்ட் விழும் இணைப்பில் 200 ஆம்பியர் ஓடினால் அங்கே 100 வாட் வெப்பம் பிறக்கிறது. செல்ஃப் அடித்தவுடன் தொட்டுப் பார்த்தால் மற்ற இணைப்புகள் குளிர்ந்திருக்க, அது மட்டும் சுடும்.

பேட்டரிக் கம்பங்களில் எடுத்த முதல் அளவு பாதி நோயைச் சொல்லிவிடும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி 5.8 வோல்ட்டிலேயே கம்பீரமாக நிற்கிறது, என்ஜினோ ஊர்ந்துதான் சுற்றுகிறது என்றால், பேட்டரியிலிருந்து போதிய மின்னோட்டம் வெளியே வரவில்லை. வழியில் தடை இருக்கிறது. அது கேபிளாகவோ, எர்த்தாகவோ, ஸ்விட்சாகவோ, ஸ்டார்ட்டருக்குள் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷாகவோ இருக்கலாம். மாறாக பேட்டரி 4.8 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் இரண்டில் ஒன்று: பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்கியவர்கள், பழைய நோயோடு புதுப் பேட்டரியையும் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

மின்தடை எங்கே ஒளிந்திருக்கும்? முதல் இடம், விந்தையாகத் தோன்றினாலும், புதுப்பித்தலின் அழகு. துருப்பிடித்த பழைய வண்டி கிளம்பிவிடும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பளபளப்பாக்கிய வண்டி கிளம்பாது. காரணம், சேஸிஸ், என்ஜின் தாங்கி, ஸ்டார்ட்டர் உடல் எல்லாவற்றுக்கும் அருமையான பெயின்ட் பூசியிருப்பார்கள். 6 வோல்ட் வண்டியில் இரும்பு உடல்தான் திரும்பும் பாதை. பெயின்ட் மின்கடத்தாப் பொருள். எர்த் லக் உட்காரும் இடத்தில் வெறும் உலோகம் தெரியும் வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு மேலே வாசலைன் பூச வேண்டும். மாடல் ஏயில் பேட்டரியின் எர்த் சேஸிஸில் சேர்கிறது. அங்கிருந்து மின்னோட்டம் என்ஜினுக்குப் போவது தாங்கிகள், போல்ட்டுகள் வழியாக. அதனால் பேட்டரியின் எர்த் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்கோ ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கோ நேராக ஒரு தடித்த பட்டை போடுவது அந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். வேண்டாமென்றால் பத்து நிமிடத்தில் கழற்றியும் விடலாம்.

பீட்டிலின் கதை வேறு. அதில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில், ஸ்டார்ட்டருக்கு மிக அருகில் இருக்கிறது. கேபிள் குட்டை, அது பெரிய வசதி. ஆனால் என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளில் மிதக்கின்றன. அவற்றை உடலோடு மின்னால் இணைப்பது கியர்பாக்ஸின் முன்முனையில் உள்ள ஒரு பின்னல் செம்புப் பட்டை. எண்ணெயும் சேறும் தெறிக்கும் அந்த இடத்தில் அது அறுந்துபோனால் மின்னோட்டம் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுடவைக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிக்கொள்கிறது என்று புகார் வந்தால் எர்த் பட்டையைப் பார்ப்பது மூடநம்பிக்கை அல்ல. இன்னொன்று, ஸ்டார்ட்டரை இயக்கும் சாலினாய்டை இழுக்கும் மின்னோட்டம் முன்னாலிருக்கும் சாவி ஸ்விட்ச் வரை போய்த் திரும்புகிறது. அத்தனை நீளமான மெல்லிய வயரில் வோல்ட் கரைந்து, என்ஜின் சூடாக இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றுகூடச் சத்தம் வராது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும்; 60 டிகிரி கூடினால் கால் பங்கு அளவுக்கு உயரும். ஸ்டார்ட்டர் அருகிலேயே ஒரு ரிலே வைத்தால் தீர்ந்துவிடும். மூன்றாவது, ஸ்டார்ட்டர் ஷாஃப்ட்டின் வெளிமுனை கியர்பாக்ஸ் கூட்டில் பதித்த ஒரு சிறு வெண்கலப் புஷ்ஷில் சுற்றுகிறது. அது தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தமுனைகளில் உரசும். ஸ்டார்ட்டர் அதிகமாக இழுக்கும், பேட்டரி சரியும். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதிதாக மாற்றுபவர்கள் கூட்டில் இருக்கும் அந்தப் புஷ்ஷை மறந்துவிடுகிறார்கள். புது ஸ்டார்ட்டரும் அதே பழைய புஷ்ஷில் சாய்ந்து உரசுகிறது.

பேட்டரியையும் நேர்மையாக விசாரிக்க வேண்டும்; அது எப்போதும் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. ஈய-அமில செல் ஒன்று முழுச் சார்ஜில் 2.1 வோல்ட், மூன்று செல் சேர்ந்து 6.3. ஓய்வில் 6.1 காட்டினால் சார்ஜ் பாதி. சரியாக 6.0 காட்டினால் கால் பங்குதான் மிச்சம். 6 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் காட்டுகிறது என்று மகிழ்பவர் ஏறக்குறைய காலிப் பேட்டரியைக் கையில் வைத்திருக்கிறார். அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் மூன்று செல்லிலும் தனித்தனியே பார்ப்பது இன்னும் நம்பகமானது. முழுச் சார்ஜில் 1.265ஐ ஒட்டி இருக்கும், ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. 12 வோல்ட்டில் ஒரு செல் போனால் இழப்பு ஆறில் ஒன்று. இங்கே மூன்றில் ஒன்று. ஆனால் ‘நாலு தடவை செல்ஃப் அடித்ததில் பேட்டரி இறங்கிவிட்டது’ என்பது கணக்குக்கு ஒவ்வாது. 200 ஆம்பியரில் 10 நொடி அடித்தால் செலவாவது சுமார் 0.56 ஆம்பியர்-மணி, பீட்டிலின் 66 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் வாரக்கணக்கில் ஷெட்டில் நின்றதாலோ, டைனமோ சரியாகச் சார்ஜ் செய்யாததாலோதான். மாடல் ஏயின் டைனமோவுக்கு வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் கிடையாது. மூன்றாவது பிரஷ்ஷை நகர்த்தி வைக்கும் இடமே அதன் சார்ஜைத் தீர்மானிக்கிறது. யாரோ எப்போதோ அதைக் குறைத்து வைத்திருந்தால் பேட்டரி என்றைக்கும் நிறையாது.

இனி எதிர்வாதங்கள். ‘8 வோல்ட் பேட்டரி போட்டேன், சட்டென்று கிளம்புகிறது’ என்பது உண்மைதான். ஆனால் 8 வோல்ட் என்றால் நான்கு செல். ரெகுலேட்டர் உள்ள 6 வோல்ட் வண்டியில் சார்ஜ் 7.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். நான்கு செல்லுக்குப் பங்கிட்டால் செல்லுக்கு 1.8. ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட்டே அதைவிட அதிகம். அந்தப் பேட்டரி ஒருபோதும் சார்ஜ் ஏறாமல் சல்ஃபேட் படிந்து சாகும். ரெகுலேட்டரை 9 வோல்ட்டுக்கு மேல் திருப்பி வைத்தால் பேட்டரி பிழைக்கும், ஆனால் காயிலிலும் பாயின்ட்டிலும் கால் பங்குக்கு மேல் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து பாயின்ட் கருகும். விளக்கு இழையின் ஆயுள் வோல்ட்டின் பன்னிரண்டு, பதின்மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது; வோல்ட் 20 சதவீதம் கூடினாலே ஆயுள் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரு துருப்பிடித்த லக்கைச் சுரண்டாமல் இருப்பதற்காக வண்டியில் மற்ற எல்லாவற்றையும் மெதுவாக எரிக்கும் ஏற்பாடு இது.

12 வோல்ட்டுக்கு மாற்றுவது இதைவிட வலுவான வாதம். மேலே சொன்ன நான்கு மடங்குக் கணக்கு அதற்கு ஆதரவாகவே பேசுகிறது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரவில் நெடுந்தூரம் ஓட்டுபவர், பிரகாசமான விளக்கும் இன்றைய உபகரணங்களும் வேண்டுபவர் மாற்றுவதில் நியாயம் உண்டு. ஆனால் ‘கிளம்பவில்லை, அதனால் மாற்றுகிறேன்’ என்பது வேறு. அறுந்த எர்த் பட்டை அறுந்தபடியேதான் இருக்கும். பாதி மின்னோட்டத்தில் அதன் குரல் அடங்கிப்போகும், கிளட்ச் கேபிள் சூடாவது நிற்காது. பலர் செய்வதுபோல் 6 வோல்ட் ஸ்டார்ட்டரையே வைத்துக்கொண்டு அதற்கு 12 வோல்ட் கொடுத்தால், அது எரிந்துபோகாது, சில நொடிகள்தான் ஓடுகிறது என்பதால். ஆனால் ஸ்டார்ட்டரின் பினியன் இரண்டு மடங்கு வேகத்தோடு பாய்ந்து ஃப்ளைவீலின் ரிங் பற்களில் மோதும். பீட்டிலில் 6 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 109 பற்கள், 12 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 130. பின்னது பெரிது என்பதால் பழைய கியர்பாக்ஸ் கூட்டை உள்ளே செதுக்காமல் அது உட்காராது. 109 பல் ஃப்ளைவீலில் பற்கள் தேய்ந்துபோனால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும், அதற்கு என்ஜினை இறக்க வேண்டும். பின்னல் எர்த் பட்டையை மாற்ற இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும்.